வெற்றுத்தொட்டியின் எடை

ரோடு போட வனத்துறை விடவில்லை.
கம்பி இழுத்துக்கொள்ளுங்கள் என்றது கடிதம்,
கோபுரக் கால் படும் பதினான்கு இடத்துக்கும்
தனித்தனி முத்திரை.
அப்படித்தான் ஒடுகத்தூருக்கு மேலே
ஜவ்வாது மலையின் விலாவை ஒட்டி
இரண்டேகால் கிலோமீட்டர் ஆகாயம்
எங்கள் கம்பெனி பெயருக்கு வந்தது.

சிமெண்டைக் கழுதை சுமந்தது.
கழுதை மறுத்த இடத்திலிருந்து ஆள்.
ஆறாவது கோபுரத்துக்குக் குழி எடுத்தபோது
பாறையிடுக்கில் தேனடை, மூன்று நாள் வேலையில்லை.
பேரணாம்பட்டு இதாயத்துல்லா
இரும்புக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிரித்துப்போட்டு
இழை இழையாய் ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்தார்.
ஒரு பகல், ஓர் இரவு, நடுவில் நாலு டீ.
"மூட்டு எங்க கீது, தடவிச் சொல்லு" என்றார்.
கிழிந்த உள்ளங்கைக்கு
எல்லா இடமும் மூட்டாகவே இருந்தது.

மோட்டார் கிடையாது.
வெங்கச்சங்கல் ரொம்பிய தொட்டி தன் கனத்தில் இறங்கும்.
அந்த இறக்கமே காலித்தொட்டியை மேலே இழுக்கும்.
ரொம்பியது முந்நூற்றுப் பத்து கிலோ,
வெற்று அறுபது.
மிச்சத்தைப் பிடித்து வைப்பது என் உத்தியோகம்.
அடிவாரத் தகரக் கொட்டகையில்
ஒரு பிரேக் நெம்புகோல், ஒரு நோட்டு, நான்.
கல் இங்கிருந்து லாரியில் ராணிப்பேட்டை போகும்.
பொடியாகிக் குழைந்து சூளையில் வெந்து
யார் வீட்டிலோ கைகழுவும் பேசினாகும்.

பங்குனி வரை எல்லாம் கணக்குப்படி.
சித்திரையில் கயிறு சோம்பியது.
நெம்புகோலை முழுக்க விட்டாலும்
தொட்டிகள் கோயில் தேர் போல வந்தன.
கிரீஸ் வைத்தோம். பேரிங் மாற்றினோம்.
பதினான்கு கோபுரமும் ஏறி இறங்கிய இதாயத்துல்லா
வேட்டியில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:
"கயிறு மேல தப்பில்ல. இன்னாவோ ஏறுது."

மறுநாள் விடியுமுன் நடந்தேன்.
மூன்றாவது கோபுரம் தாண்டினால் ஒரு பள்ளம்.
ஒரு கோபுரச் செலவை மிச்சம் பிடிக்க
கயிறு தாழட்டும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்.
அங்கே தொட்டி மார்பளவில் நகரும்.
ஊற்றுக்குழியைச் சுற்றி எட்டுப் பத்துப் பெண்கள்,
மஞ்சள் எண்ணெய்க் கேன்கள்.
தொட்டி வர, கூடவே ஓடி,
இரண்டு கேனை உள்ளே இறக்கிவிட்டு
மூச்சு வாங்காமல் திரும்பினாள் ஒருத்தி.
சடச்சி என்று பெயராம்.
மேலே இறக்கி வைக்க அவள் தம்பி இருக்கிறான்.
எங்கள் சம்பளத்தில்.

விதி சொன்னேன். ஆபத்து சொன்னேன்.
"சும்மாதான போவுது" என்றாள்.
சும்மா இல்லை, அறுபது கிலோ போகிறது என்றேன்.
"அப்ப நூறா போவட்டும்."

பீடிக்கட்டுத் தாளில் கணக்குப் போட்டேன்.
நூறு தாங்கும். இருநூறும் இழுக்கும், முனகிக்கொண்டு.
இருநூற்றைம்பதில் கயிறு நிற்கும்.
தலையை எட்டிப் பார்த்தவளுக்கு எண் புரிந்ததோ என்னவோ,
கேட்டது வேறு:
"ஞாயித்துக்கெழம கல்லு எறக்க மாட்டீங்களா?"

நோட்டில் வெற்றுத்தொட்டியின் எடையைத் திருத்தினேன்.
காட்பாடி ஆபீஸ் காரணம் கேட்டது.
துரு, ஒட்டிய மண், என எழுதினேன்.
நாற்பது கிலோ துருவா என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

நேற்று சனிக்கிழமை.
ஐந்தரைக்குச் சங்கு ஊதிவிட்டது.
ஒன்பதாவது கோபுரத்துக்கு மேலே
மஞ்சளாய் ஏதோ வெயிலில் மின்னியது.
லைனில் இன்னும் கல் இருந்தது,
அது இறங்கும் வரை கயிறு ஓடும்.
நெம்புகோலைத் தொடாமல் நின்றேன்.
பதினொரு நிமிடம்.
அப்புறம் மேல் நிலையத்திலிருந்து
மணி ஒரே ஒருமுறை அடித்தது.
இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் ஆபத்து.
ஒன்றுக்கு எங்கள் விதிப்புத்தகத்தில் அர்த்தம் இல்லை.
பிரேக்கைப் போட்டேன்.